கண்ணாடி அறைக் கணப்பு

தவிட்டுமலைத் தேயிலை எஸ்டேட்டின் கீழ் லயத்தில், கூலி வீட்டு வரிசையில், இருந்த சுருளியம்மாளுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. மற்றப் பெண்கள் கோபம் வந்தால் கூடையை விட்டெறிவார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள், பிறகு மூக்கைச் சிந்திவிட்டுக் கொழுந்து எடுக்கப் போய்விடுவார்கள். இவள் அப்படியில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிராளியின் முகத்துக்கு நேரே நின்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். பதில் வரும்வரை நகரமாட்டாள். அதனால்தான் பெரியமுத்து கங்காணி அவளிடம் ஏதாவது சொல்லவேண்டியிருந்தால் நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போய்விடுவான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் ஆடி மழையிலும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போகப் பார்த்தான். வாசலில் சேறு வழுக்கியதால் சுவரைப் பிடித்து நிற்கவேண்டியதாயிற்று.

“சுருளி, தொரை உத்தரவு. இருமற வீடு மூணும் காலியாகணும். சட்டி பானையக் கட்டிக்க. ஞாயித்துக்கெழம குமுளிக்கு வண்டி போகுது, மூட்டைய அதுல போட்டுக்கலாம்.”

உள்ளே கணப்புக்குப் பக்கத்தில் சாக்கில் கிடந்த பூமாரி இருமினாள். சுருளியம்மாளின் ஒரே மகள். பங்குனியில் தொடங்கிய இருமல். முதலில் பனிக்கு என்றார்கள், பிறகு சூட்டுக்கு என்றார்கள், பிறகு ஒரு காலையில் கொழுந்துக் கூடை விளிம்பில் ரத்தம் தெறித்தது. அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

“எதுக்குக் காலி பண்ணணும்?” என்றாள் சுருளியம்மாள்.

“பரவுதுல்ல. கம்பத்துப் பக்கத்து ஆளுகதான் இந்தச் சீக்க மலைக்குக் கொண்டாந்தீகன்னு தொரை சொல்றாரு.”

“நீ எந்தப் பக்கத்து ஆளு?”

பெரியமுத்து கம்பத்துக்குப் பக்கத்து உத்தமபாளையத்துக்காரன். சுருளியம்மாளையும் செத்துப்போன அவள் புருஷன் சங்கையாவையும் மலைக்குக் கூட்டி வந்ததே அவனுடைய அப்பன்தான். பெரியமுத்து சுவரை விட்டான், வழுக்கினான், சமாளித்துக்கொண்டு போனான்.

மலையை விட்டு இறக்குவது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. நல்ல நெஞ்சோடு இருப்பவனுக்கே வேலையில்லை என்று எஸ்டேட்டுக்கு எஸ்டேட் விரட்டிக்கொண்டிருந்தார்கள். இருமலுக்காக இறக்கப்பட்டவள் என்று பெயர் வாங்கிவிட்டால் வண்டிப்பெரியாறு முதல் வண்டன்மேடு வரை எந்த லயமும் கதவு திறக்காது. சரி, சொந்த ஊருக்குப் போகலாம் என்றால் அங்கே வேறு கதை. சங்கையா இதே இருமலில் படுக்கையில் விழுந்தபோது சுருளியம்மாள் அவனைத் தன் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விடலாம் என்று போய்க் கேட்டுப் பார்த்தாள். சுருளி அருவிக்குக் கீழே, வயலோரம் வீடு. கூடப் பிறந்த அண்ணன் வாசலுக்கு வெளியே சோற்றை இலையில் வைத்துவிட்டு, தின்றுவிட்டு இலையை நீயே எரித்துவிடு என்றான். “அது மலைச்சீக்கு. மலையிலயே கெடக்கட்டும்” என்றான். அவள் அந்தச் சோற்றை நாய்க்குக் கொட்டிவிட்டு அன்றே மலையேறினாள்.

மேலே கேட்டால் கீழேயிருந்து வந்தது. கீழே கேட்டால் மேலேயிருந்து வந்தது. நடுவில் ஒருத்தி, மகள் ரத்தமாய்த் துப்புகிறாள், அவளைத் தூக்கிக்கொண்டு எந்தத் திசைக்கு நடப்பது?

அந்த நாளில்தான் அவளை அந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது. மருந்து எங்கே கிடைக்கும் என்றுகூட இல்லை. அதற்கு மருந்தில்லை என்று எல்லோருக்கும் தெரியும். இது எங்கேயிருந்து வந்தது? யார் கொண்டுவந்தது? கம்பத்துக்காரர்கள் என்கிறானே, எந்தக் கம்பத்துக்காரன்? பெயரைச் சொல்லட்டும்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. ஆசுபத்திரிக்குப் போனாள். ஆசுபத்திரி என்றால் தகரக் கொட்டகை, நாலு கட்டில், அலமாரி நிறையப் பாட்டில். அதைப் பார்த்துக்கொண்டவர் கபிரியேல். நாசரேத்துப் பக்கத்துக்காரர். மிஷன் ஆசுபத்திரி ஒன்றில் கம்பவுண்டர் வேலை படித்துவிட்டு வந்தவர், லயத்தார் வாயில் டாக்டர். கெட்ட மனிதர் இல்லை. துரைக்குப் பயந்த மனிதர். இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை உயிர் போகிறது என்று யாராவது எண்ணிப் பார்த்தால் தெரியும்.

இந்தச் சீக்கு எங்கேயிருந்து வந்தது என்று கேட்டாள். காற்றிலிருந்து என்றார். காற்று எங்கேயிருந்து கொண்டுவந்தது என்றாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மழை வலுத்திருந்தது, வேறு நோயாளியும் இல்லை. இவள் போகமாட்டாள் என்றும் அவருக்குத் தெரியும். ஆகவே தெரிந்ததைச் சொன்னார்.

ஒரு ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் ஒரு டாக்டர் இதைப் பெருக்கிக் காட்டும் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தாராம். சின்னஞ்சிறு குச்சி மாதிரி ஒரு கிருமி. இருமுகிறவன் நெஞ்சிலிருந்து வெளியே வரும். மூடிய அறையில் காற்றோடு காற்றாய் மிதக்கும். அடுத்தவன் மூச்சு இழுக்கும்போது உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். வருஷக்கணக்கில்கூடச் சும்மா உட்கார்ந்திருக்கும். வெயில் பட்டால் சாகும், திறந்த காற்றில் கலைந்து போகும். அந்த டாக்டர் கண்டுபிடிப்பதற்கு முன்னாலும் அது இருந்தது. எகிப்து என்று ஒரு தேசத்தில் செத்தவர்களை உலர்த்தித் துணி சுற்றிப் புதைப்பார்களாம். அப்படி ஒரு பூசாரியின் உடம்பை மூவாயிரம் வருஷம் கழித்து அவிழ்த்துப் பார்த்தால் முதுகெலும்பை இதே நோய் தின்றிருந்ததாம். அவ்வளவு தூரம் எதற்கு, நம்முடைய வைத்திய ஏட்டிலேயே இதற்கு ராஜயக்ஷ்மா என்று பெயர் உண்டு, ராஜநோய். முதலில் சந்திரனுக்கு வந்ததாகக் கதை. அதனால்தான் தேய்கிறான்.

“சந்திரனுக்கு வந்துச்சா?”

“அப்படித்தான் ஏட்டுல இருக்கு.”

“அவன யாரும் வானத்த விட்டு எறக்கலியே, டாக்டரய்யா?”

கபிரியேல் மூக்குக் கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

அவர் சொன்னது அன்றைக்குத் தெரிந்த அளவு. இன்றைக்கு இதையே தொழிலாகப் படித்தவர்கள் இன்னும் பின்னே போகிறார்கள். கிருமிக்குள் இருக்கும் குலவரலாற்றைப் பிரித்துப் பார்த்து, ஆப்பிரிக்காவில் பிறந்தது என்கிறார்கள். மனிதன் அங்கேயிருந்து கால்நடையாய் உலகம் முழுக்கப் பரவியபோது அவன் நெஞ்சுக்குள் உட்கார்ந்து கூடவே வந்திருக்கலாம் என்கிறார்கள். மாட்டிடமிருந்து மனிதனுக்குத் தொற்றியது என்று ரொம்ப நாள் பழியை மாட்டின் மேல் போட்டிருந்தார்கள். இப்போது அது தப்பு, மாட்டு வகை பின்னால் கிளைத்தது என்கிறார்கள். கடல் தாண்டி அமெரிக்கக் கரையில் பழைய எலும்பைத் தோண்டினால் அங்கே சீல் என்கிற கடல்நாய் கொண்டுபோய்ச் சேர்த்த வகை இருக்கிறதாம். அப்புறம் வெள்ளைக்காரன் கப்பல் ஓட்டினான். அவன் ஊர் ஆலைப் புகையிலும் நெருக்கடியிலும் கொழுத்த வகை ஒன்று அவனோடு கப்பலேறித் துறைமுகம் துறைமுகமாய் இறங்கியது. நம்முடைய தென்னாட்டில் கிடக்கும் வகை மட்டும் அந்தக் கப்பலுக்கெல்லாம் ரொம்ப முந்தியது, பழங்காலத்திலிருந்தே இங்கே இருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும். சங்கையாவின் நெஞ்சில் உட்கார்ந்தது இந்த வகையா அந்த வகையா என்று இனி எந்தக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பது? அவன் எலும்பின் மேல் தேயிலை வளர்ந்து எத்தனையோ தடவை கவாத்தும் வெட்டியாயிற்று.

சுருளியம்மாளுக்கு இதில் ஒரு விஷயம் மட்டும் பிடிபட்டது. மூடிய அறை.

“சரிய்யா. எகிப்துக்கு வந்துச்சு, சந்திரனுக்கு வந்துச்சு. நம்ம லயத்துக்கு எப்படி வந்துச்சு?”

கபிரியேல் திரும்பி அலமாரியில் பாட்டில்களை நகர்த்தி வைக்க ஆரம்பித்தார். அதை என்னிடம் கேட்காதே என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் கண் ஜன்னல் வழியாக மேலே ஒரு தடவை போய்விட்டு வந்தது. மேலே மூடுபனிக்குள் துரையின் பங்களா.

தெரியாதவன் தெரியாது என்பான். என்னிடம் கேட்காதே என்கிறவனுக்குத் தெரியும்.

லயத்துக்குத் திரும்பிப் போகிற வழியிலேயே அவள் மனதுக்குள் வரிசை போட ஆரம்பித்துவிட்டாள். லயத்தில் முதலில் இருமியது யார்? சங்கையா. அதற்கு முன்னால் இந்த மாதிரி இருமல் யாருக்கும் இல்லை. காய்ச்சலில் செத்தார்கள், பேதியில் செத்தார்கள், மரம் விழுந்து செத்தார்கள், இப்படி உருகிச் சாகவில்லை. சங்கையா செத்த பிறகு யார்? பக்கத்து வீட்டுப் பிலோமியின் கைக்குழந்தை. அதற்குப் பிறகு கடைசி வீட்டு சுருளிவேல் கிழவன். அப்புறம் பூமாரியும் மூன்றாவது வீட்டுக்காரனும்.

ஐந்து பேரையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தபோது அவள் வழியில் அப்படியே நின்றுவிட்டாள்.

தவிட்டுமலையில் ஒரு வழக்கம். மழைக்காலத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு கட்டு விறகுதான் கங்காணி அளப்பான். நோயாளி இருக்கும் வீட்டுக்கு மட்டும் ஒரு கட்டு கூட. ஆகவே லயத்தில் எந்த வீட்டில் ஆள் படுத்திருக்கிறதோ அந்த வீடுதான் கதகதப்பான வீடு. அங்கே எல்லோரும் போய் உட்காருவார்கள். நோயாளிக்குப் பேச்சுத் துணையும் ஆயிற்று, குளிருக்கு அனலும் ஆயிற்று. பச்சைக் குழந்தைகளைக் கொண்டுவந்து கணப்புப் பக்கம் படுக்க வைப்பார்கள். பனி உள்ளே வந்தால் நெஞ்சுக்கு ஆகாது என்று கதவிடுக்கில் சாக்கைத் திணிப்பார்கள், கூரைக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் செம்மண் குழைத்துப் பூசுவார்கள். சங்கையா படுத்திருந்த வீட்டில் அந்தச் செம்மண்ணை ஒரு பொட்டுச் சந்து விடாமல் பூசியது சுருளியம்மாள். பிலோமியின் குழந்தை அழுதபோது, இங்கே கொண்டாடி, அனலாய் இருக்கிறது என்று கூப்பிட்டு வாங்கி, சங்கையாவின் கம்பளிக்குள்ளேயே வைத்துப் படுக்கப் போட்டதும் அவள்தான். சுருளிவேல் கிழவனும் மூன்றாவது வீட்டுக்காரனும் சாயங்காலமானால் அந்தக் கணப்பை விட்டு எழுந்திருக்கமாட்டார்கள்.

வழியிலிருந்த பாறையில் உட்கார்ந்துகொண்டாள். மழை பெய்துகொண்டிருந்தது. 

ஆனால் கோபம் ஒரு நல்ல காரியம் செய்தது. அவளை அந்தப் பாறையிலேயே விட்டுவிடவில்லை. சரி, என் கணப்பிலிருந்து இவர்களுக்குப் போயிற்று. என் புருஷனுக்கு யார் கணப்பிலிருந்து வந்தது?

சங்கையா கொழுந்து மலையில் வேலை செய்தவன் இல்லை. பங்களாவில் கணப்பு மூட்டுகிறவன். மூன்று மழைக்கு முன்னால், எஸ்டேட்டை நடத்தும் வெள்ளைக்காரப் பெரியதுரையின் தம்பி ஒருத்தர் கப்பலில் வந்து இறங்கினார். இருபது வயதுப் பிள்ளை, வெளுத்த முகம், கன்னத்தில் மட்டும் சிவப்பு. சின்னத்துரைக்கு உடம்பு பலவீனம், மலைக்காற்றுக்கு வந்திருக்கிறார் என்று சொன்னார்கள். அவருக்கென்று பங்களா ஓரத்தில் மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த அறை ஒன்று கட்டினார்கள். அந்த அறைக் கணப்பு அணையாமல் பார்ப்பது சங்கையாவின் வேலை. மழை தொடங்கியதும் அவனை அந்த அறைத் தரையிலேயே படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். மழை முடிந்து சின்னத்துரை செத்தார். சங்கையாவை லயத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் ஒரு நாளும் அந்தப் பிள்ளையைப் பற்றித் தப்பாய்ப் பேசியதில்லை. பிஸ்கோத்தை உடைத்துப் பாதி தனக்குக் கொடுப்பார் என்பான். இருமல் வந்தால் தன் மேல் படாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார், மரியாதை தெரிந்த பிள்ளை என்பான்.

சுருளியம்மாள் ஓடைக்குப் போனாள். பங்களா ஆயா கத்தரீனாள் துணி அலசிக்கொண்டிருந்தாள். அதிகம் பேசாதவள், பங்களாச் சோறு தின்கிறவர்கள் பேசமாட்டார்கள். சுருளியம்மாள் எதிர்க்கரையில் நின்றுகொண்டு கேட்டாள்.

“கத்தரீனா, சின்னத்தொரைக்கு என்ன சீக்கு?”

பலவீனம் என்றாள் கத்தரீனாள். சுருளியம்மாள் மறுபடியும் கேட்டாள். ஜுரம் என்றாள். மறுபடியும் கேட்டாள். துணி ஒன்று கைநழுவி ஓடையோடு போனது. கத்தரீனாள் அதை எடுக்கவில்லை. பூமாரியைச் சின்ன வயதில் இடுப்பில் தூக்கித் திரிந்தவள் அவள்.

“எனக்கு அந்தச் சீக்கோட பேரு தெரியாதுக்கா. அவரு போன மறுநா நடந்தத வேணா சொல்றேன்” என்றாள்.

மெத்தையை எரித்தார்களாம். திரைச்சீலையை எரித்தார்கள். அவர் படித்த புத்தகத்தையெல்லாம் எரித்தார்கள். குடித்த பீங்கானை உடைத்து ஆழக் குழி தோண்டிப் புதைத்தார்கள். சுவருக்கு இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்து, கதவைப் பூட்டி, சாவியைப் பெரியதுரையே எடுத்துக்கொண்டார். இன்றைக்கு வரைக்கும் அந்த அறையில் ஒருவரும் நுழையவில்லை. கத்தரீனாளை நெடி அடிக்கும் மருந்துத் தண்ணீரில் குளிக்கச் சொல்லிப் புதுச் சேலை கொடுத்தார்கள். அந்த அறைக் கம்பளத்தில் படுத்துக்கொண்டிருந்த துரை வளர்த்த நாயைக்கூடப் பின்பக்கம் கூட்டிக்கொண்டுபோய்ச் சுட்டார்கள்.

“நாயச் சுட்டாகளா?”

“சுட்டாகக்கா. தொரை அழுதுக்கிட்டேதான் சுட்டாரு.”

“எங்க வீட்டுக்காரவுகள?”

கத்தரீனாள் தலையைக் குனிந்துகொண்டாள். சங்கையாவை என்ன செய்தார்கள் என்று சுருளியம்மாளுக்குத் தெரியாதா? புதுச் சேலை கொடுக்கவில்லை, குளிக்கச் சொல்லவில்லை. நெஞ்சு நிறைய அந்த அறைக் காற்றோடு நேராய் லயத்துக்கு அனுப்பினார்கள். பெண்டாட்டி பிள்ளை பக்கத்தில், பிலோமி குழந்தை பக்கத்தில், செம்மண் பூசி மூடிய அறையில்.

அந்தப் பங்களாக்காரர்களும் ஒரு கூத்துப் பண்ணியிருந்தார்கள். மலைக்காற்று வேண்டும் என்று அவ்வளவு கடலைத் தாண்டி வந்த பிள்ளையை மழைக்குப் பயந்து கண்ணாடியை இறுக்கி மூடிக் கணப்புப் புகையில் போட்டு வைத்தார்கள். லயத்தில் செம்மண், பங்களாவில் கண்ணாடி, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த மடத்தனத்தில் இரண்டும் ஒன்று. அதை மன்னிக்கலாம், தெரியாமல் செய்தது. ஆனால் மறுநாள் காலை மெத்தையை எரித்தவனுக்குத் தெரிந்திருந்தது. அதை எப்படி மன்னிப்பது? நாயைச் சுட்டவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் மூன்று வருஷம் கழித்து, கம்பத்துக்காரன் கொண்டுவந்தான் என்று வாய் கூசாமல் சொன்னான்.

சனிக்கிழமை காலைப் பெரட்டு. வேலைக்கு ஆள் பிரிக்கும் களத்தில் எல்லோரும் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். பெரியதுரை பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கல்மேடையில் நின்றார். பக்கத்தில் பெரியமுத்து. கொஞ்சம் தள்ளிக் குடையோடு கபிரியேல். காலியாக வேண்டிய வீடுகளைப் பெரியமுத்து சொல்ல ஆரம்பித்தபோது சுருளியம்மாள் வரிசையை விட்டு வெளியே வந்தாள். மேடைக்கு நேரே போய் நின்றாள்.

“தொரை, சின்னத்தொரை இருந்த கண்ணாடி ரூம ஏன் பூட்டி வச்சிருக்கீக?”

பெரியதுரைக்குத் தமிழ் தெரியும், எஸ்டேட் தமிழ். அவர் முகம் ஒரு நிமிஷம் வெறுமையாய் இருந்தது. பிறகு சிவந்தது. “வரிசைக்குப் போ” என்றார்.

“அந்த ரூம ஏன் பூட்டி வச்சிருக்கீக?”

“இந்தப் பொம்பளை பொய் பேசுது” என்றார் பெரியமுத்துவைப் பார்த்து. அவள் இன்னும் ஒன்றும் சொல்லவே இல்லை, கேள்விதான் கேட்டிருந்தாள். பெரியமுத்து அவள் கையைப் பிடித்து இழுக்க வந்தான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் கையை மடக்கிக்கொண்டான்.

அப்போதுதான் அவள் ஜனங்கள் பக்கம் திரும்பினாள். அதற்கு மேல் சொல்வதென்றால் தன் கணப்பையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். அதை விட்டுவிட்டு மேலே பங்களாவை மட்டும் காட்டினால் நோய் வந்த வரிசை நிற்காது. அது அவளுக்குத் தெரியும். இரண்டு நாளாய் அதை நினைத்துத்தான் அவள் சோறு தின்னவில்லை.

சொன்னாள். மெத்தையை எரித்ததைச் சொன்னாள், நாயைச் சுட்டதைச் சொன்னாள், கத்தரீனாள் பெயரை மட்டும் சொல்லாமல் விட்டாள். அந்த அறைத் தரையில் படுத்த சங்கையாவைச் சொன்னாள். அப்புறம் தன் வீட்டைச் சொன்னாள். கூடுதல் கட்டு விறகு, செம்மண், கம்பளிக்குள் வைத்த குழந்தை. “எங்க வீட்டுக் கணப்புல உக்காந்தவுகளுக்குத்தான் வந்துச்சு. வேற யாரும் கொண்டாரல” என்றாள்.

 பிலோமி முன்னால் வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும், அந்தக் குழந்தைக்குப் பிறகு வேறு குழந்தை தங்கவில்லை.

“அப்ப எம்புள்ளைக்கு ஒங்க வீட்டுலருந்துதான் வந்துச்சாக்கா?”

“ஆமா.”

“நீங்கதான கூப்புட்டு வாங்கிக்கிட்டீக.”

“ஆமாடி. நாந்தான்.”

பிலோமி குனிந்து ஈர மண்ணை அள்ளி அவள் முகத்தில் அடித்தாள். மண் கன்னத்திலும் வாயிலும் ஒட்டிக்கொண்டது. சுருளியம்மாள் துடைக்கவில்லை. பெரியதுரை, அவ்வளவுதான் முடிந்தது என்று நினைத்தாரோ என்னவோ, பிரம்பைக் கக்கத்தில் சரிசெய்துகொண்டார். அந்த ஜனங்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு கலைந்து போவதைத்தானே அவர் அதுவரை பார்த்திருந்தார்.

பிலோமி கையில் மிச்ச மண்ணோடு மேடைப் பக்கம் திரும்பினாள்.

“தொரை, அந்த ரூம ஏன் பூட்டி வச்சிருக்கீக?”

கடைசி வீட்டு சுருளிவேல் கிழவன், வண்டியில் ஏற்றப்படவேண்டியவர்களில் ஒருத்தன், இருமிக்கொண்டே அதையே கேட்டான். அதற்குப் பிறகு இன்னொருத்தி. எல்லோரும் கேட்டார்கள் என்று சொல்லமாட்டேன். பாதிப்பேர் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றார்கள். ஆனால் மறுபாதி போதும். பெரியதுரை கபிரியேலைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அவள் சொல்வது பொய் என்று சொல் என்றுதான் கேட்டிருக்கவேண்டும். கபிரியேல் குடையை மடக்கினார். மழையில் நனைந்துகொண்டு, இங்கிலீஷை விட்டுவிட்டுத் தமிழில் பதில் சொன்னார். அது ஒன்றுதான் அவர் ஆயுசில் செய்த வீரம்.

“யாருகிட்டருந்து யாருக்குன்னு சத்தியம் பண்ணிச் சொல்ல யாராலயும் முடியாதுங்க. மூடுன ரூம்ல கூடப் படுத்தவனுக்கு வரும். இவங்கள வண்டியில ஏத்துனா குமுளிச் சந்தைக்கும் வரும், கம்பத்துக்கும் வரும். இங்கயே காத்தாட ஒரு கொட்டகை போட்டுக் கெடத்துனா இந்த லயத்தோட நிக்கும்.”

அவ்வளவுதான் சொன்னார். சத்தியம் பண்ணமாட்டேன் என்று ஒரு ஓட்டையும் வைத்துக்கொண்டார், துரைக்கு அதன் வழியாக நழுவிப் போக. பெரியதுரை மேடையை விட்டு இறங்கினார், பங்களாவுக்கு நடந்தார். அவள் கேட்ட கேள்விக்கு அன்றும் பதில் சொல்லவில்லை, அவர் அந்த மலையை விட்டுப் போகும் வரையும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டி வெறும் வண்டியாய்க் குமுளிக்குப் போயிற்று.

அடுத்த வாரம் ஆசுபத்திரிக்குப் பின்னால் மரமும் தகரமும் வந்து இறங்கின. பங்களாவின் கண்ணாடி அறையைப் பிரித்திருந்தார்கள். சாட்சியைப் பிரித்து நமக்கே கொட்டகையாய் அனுப்புகிறான் என்று சுருளிவேல் கிழவன் சொன்னான். அந்த மரத்தைத் தொட ஒருத்தரும் முன்வரவில்லை. சுருளியம்மாள் ஒருத்தியே தூக்கித் தூக்கிக் கொண்டுபோய் வைத்தாள். தோள் புண்ணாகி நீர் வடிந்தது. சுவரில்லாத கொட்டகை, மேலே தகரம், நாலு பக்கமும் காற்று. நோயாளிகளுக்குப் பால் கொடுக்க உத்தரவு வந்தது. ஏன் வந்தது என்று யாரும் சொல்லவில்லை, எதற்காவது வெட்கப்பட்டதாகவும் சொல்லவில்லை.

தன் வீட்டுச் செம்மண்ணை அவளே கடப்பாரையால் இடித்தாள். லயத்தில் மற்ற வீடுகளுக்கும் போய் இடி இடி என்றாள். குளிரில் சாகச் சொல்கிறாயா என்று திட்டினார்கள். சிலர் இடித்தார்கள். சிலர் அவள் போன பிறகு மறுபடியும் பூசிக்கொண்டார்கள்.

கொட்டகையில் கிடந்தவர்களில் சுருளிவேல் கிழவன் மார்கழியில் போனான். மூன்றாவது வீட்டுக்காரன் தை தாண்டவில்லை. பூமாரி எழுந்தாள். ஏன் அவள் மட்டும் எழுந்தாள் என்று கபிரியேலுக்கும் தெரியாது. சில பேர் எழுவார்கள், அவ்வளவுதான் என்றார். அடுத்த வருஷம் மழை முடிந்து பூமாரி மறுபடியும் கூடையைக் கட்டிக்கொண்டு மலையேறினாள். மேடு ஏறினால் மூச்சு வாங்கும், மற்றபடி நன்றாக இருந்தாள்.

மகள் பிழைத்துவிட்டாள், இனிமேலாவது இவள் தணிவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். தணியவில்லை. பெரட்டில் பெரியமுத்து வாயெடுக்கும் முன்னால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவான். ஒரு தடவை தைரியமாய்க் கேட்டும்விட்டான்.

“ஒம் மகதான் பொழச்சிட்டாள்ல. இன்னும் யாரு மேல இந்தக் கோவம்?”

“ஒன் மேலதான்” என்றாள் சுருளியம்மாள். “பொழைக்காதவுகளுக்காக.”

கொட்டகை இருந்தவரை கூடுதல் விறகுக் கட்டு அங்கேதான் வந்தது. அதை அவள் உள்ளே எரிய விடவில்லை. வெளியே வெட்டவெளியில் கணப்புப் போட்டாள். அனல் வேண்டும் என்கிறவர்கள் அங்கே வந்து உட்காரலாம். முன்னால் சூடு, முதுகில் காற்று அறுக்கும். வந்து உட்கார்ந்து அவளைத் திட்டிக்கொண்டே கையைக் காய்ச்சினார்கள். பிலோமி மட்டும் வரவில்லை. அவளிடம் பேசுவதும் இல்லை.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு சாயங்காலம் பிலோமி வந்தாள். வயிற்றில் மறுபடியும் ஆறு மாசம். சுருளியம்மாளுக்கு எதிர்ப்பக்கம், நெருப்புக்கு அந்தப் புறம், கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். புகை அவள் பக்கம் திரும்பியது. சுருளியம்மாள் எழுந்து போய், புகை தன் பக்கம் வரும்படி விறகை மாற்றி வைத்தாள். திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.